ஊசி தேடிய இரண்டரை நொடி

நூலகத்தின் மாடி அறையில் ஆறு கார்கள் இருந்தன. ஒன்றுக்கும் சக்கரம் கிடையாது. கதவு கிடையாது. கூரை கிடையாது. பெட்ரோல் வாசனைகூடக் கிடையாது.

இருந்ததெல்லாம் ஓர் இருக்கை, ஒரு ஸ்டீயரிங், காலுக்கு இரண்டு மிதிகள், எதிரே ஆளையே விழுங்குகிற மாதிரி ஒரு பெரிய திரை. ஆனால் அதில் ஏறி உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் போதும். மலை எழும்பும். காடு விரியும். கருஞ்சாலை வளைந்து நெளிந்து, "வா, வா" என்று கூப்பிடும்.

ஊசி முதன்முதலாக அதில் உட்கார்ந்த அன்று, மலைச்சரிவில் கார் சடாரென்று இறங்கியது. இருக்கை தரையோடு திருகாணி போட்டு முடுக்கப்பட்டது என்பதையே மறந்து, "அம்மா!" என்று கத்திவிட்டாள். கீழே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

ஊசி என்பது அவளுடைய சொந்தப் பெயரல்ல. அவள் அம்மா மருத்துவமனையில் நர்ஸ். தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு தடவையாவது அந்த அம்மாவின் கையால் ஊசி போட்டுக்கொண்டு அழுதவர்கள். அந்தக் கோபத்தை மகள்மேல் காட்டிவிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. வயது பதினொன்று.

பயிற்சியில் ஊசி காரை எடுத்தால் பார்க்கிறவர்கள் வாய் மூடாது. மலைப்பாதையை ஒரு சுற்றுச் சுற்றிவர அவளுக்குத் தொண்ணூற்றிரண்டு நொடிதான். அந்த மாடியில் வேறு யாரும் அதன் பக்கத்தில்கூட வந்ததில்லை.

ஆனால் சனிக்கிழமை பந்தயம் என்று வந்துவிட்டால், அதே ஊசி, அதே கார், அதே பாதை, வேறு யாரோ ஓட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

அது இருவர் பந்தயம். உள்நாடு, வெளிநாடு என்று பல ஊர்களிலிருந்து பதினாறு ஜோடித் தமிழ்ப் பிள்ளைகள் அவரவர் ஊரில் உட்கார்ந்தபடியே இணையம் வழியாக ஓட்டுவார்கள். முதல் எட்டுச் சுற்று ஒருவர், அடுத்த எட்டுச் சுற்று இன்னொருவர். ஊசியின் ஜோடி, எதிர்வீட்டுப் பையன். தடிமனான மூக்குக்கண்ணாடி போட்டிருப்பான். அதனால் சோடாபுட்டி என்று ஆரம்பித்து, கூப்பிட நீளமாக இருக்கிறது என்று சோடா ஆகிவிட்டான்.

போன சனிக்கிழமை சோடா நான்காவது இடத்தில் காரை அவளிடம் கொடுத்தான். அவள் பதின்மூன்றாவதாக வந்து சேர்ந்தாள்.

சோடா முன்னால் படிக்கட்டில் இறங்கினான். கடைசிப் படியில் நின்றான்.

"ஊசி, வர்ற சனிக்கிழமை கடைசிப் பந்தயம். ஜோடிப் பேரு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும்."

"தெரியும்."

"நம்ம மாடியில ஓட்டற நெட்டை இருக்கான்ல, அவன் என்கூட ஓட்டறேன்னு கேக்கறான்."

"நீ என்ன சொன்ன?" என்றாள் ஊசி.

"ஒண்ணும் சொல்லல. எனக்கு உன்கூட ஓட்டத்தான் பிடிக்கும். ஆனா நீ பயிற்சியில பறக்குற, பந்தயத்துல தவழுற. ஏன்?"

"எனக்கே தெரியலையே!"

"உனக்கே தெரியலைன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. இப்படி வருத்தமாகக் கேட்டதுதான் ஊசிக்குக் குத்தியது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடு. நான் கண்டுபிடிக்கறேன்" என்றாள்.

எப்படி என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியாது.

*

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஊசி மாடிக்கு ஓடினாள். கூடவே அவள் தங்கையும் வந்தாள். ஆறு வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. ஏன் என்று அந்த வீட்டுக்குப் போனவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மாடியைப் பார்த்துக்கொள்கிற அக்கா ஒருத்தி உண்டு. பிள்ளைகள் மாடி அக்கா என்பார்கள். அவள் வாரா வாரம் சுவரில் இரண்டு தாள் ஒட்டுவாள். ஒன்றில், அந்த வாரப் பயிற்சியில் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஓட்டிய மிகச் சிறந்த சுற்று. இன்னொன்றில், பந்தயத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்றுக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆனது என்பது.

எல்லாரும் வந்து பார்ப்பார்கள்தான். எதைப் பார்ப்பார்கள்? முதலில் தன் பெயர். அப்புறம் முதல் பெயர். பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டுப் போய்விடுவார்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாருமே படித்ததில்லை.

ஊசி பென்சிலை எடுத்தாள். நோட்டில் தன் பெயரை எழுதினாள். பயிற்சியில் தொண்ணூற்றிரண்டு. பந்தயத்தில் தொண்ணூற்றைந்தரை. மூன்றரை நொடி மெதுவு.

சோடா பெயரை எழுதினாள். பயிற்சியில் தொண்ணூற்று நான்கு. பந்தயத்தில் தொண்ணூற்றைந்து.

"அட, அவனும்தானா!"

எல்லாரையும் எப்போதும் ஜெயிக்கிற ஒருவன் இருந்தான். எந்த ஊர்க்காரனோ தெரியாது. திரையில் அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் புயல். ஊசி அவன் பெயரையும் எழுதினாள். பயிற்சியில் தொண்ணூற்றொன்று. பந்தயத்தில் தொண்ணூற்றிரண்டு.

பென்சில் நின்றுவிட்டது.

புயல்கூடவா?

விறுவிறுவென்று எழுதினாள். முப்பத்திரண்டு பெயர்கள். முப்பத்திரண்டு பேரும் பந்தயத்தில் மெதுவு. அநேகம் பேருக்கு ஒரு நொடி. ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, பயிற்சியைவிடப் பந்தயத்தில் வேகமாக ஓட்டவில்லை.

ஊசி நோட்டைப் பார்த்தபடியே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் இந்த வியாதி என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். ராத்திரி தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு யோசித்திருக்கிறாள். பார்த்தால், மிச்சம் முப்பத்தொரு பேருக்கும் அதே வியாதி!

"என்னடி, தரையைப் பெருக்க வந்தியா?" என்றாள் மாடி அக்கா.

"அக்கா, எல்லாருமே பந்தயத்துல மெதுவா ஓட்டறாங்க!"

"பின்ன? பயிற்சியில நீங்க கொஞ்சூண்டு பெட்ரோல்தான் போடறீங்க. பந்தயத்துல எட்டுச் சுத்துக்கும் சேர்த்து ரொப்பியிருக்கும். வண்டி கனமா இருக்காதா? டயரும் தேயும். முன்னாடி வேற நாலு வண்டி வழியை மறிக்கும்."

"ஆனா அது நிஜப் பெட்ரோல் இல்லையே!"

"இல்லாத பெட்ரோலுக்கும் எடை போட்டு வச்சிருக்கான் இந்தக் கம்ப்யூட்டர். ஒரு சொட்டு ஏமாத்த முடியாது."

ஊசி காரைத் திரும்பிப் பார்த்தாள். இல்லாத டாங்கில் இல்லாத பெட்ரோல், ஒவ்வொரு சொட்டாகத் தீர்ந்துகொண்டிருக்கிறது! நினைக்கவே உடம்பு சிலிர்த்தது.

அப்படியானால் ஒரு நொடி எல்லாருக்கும் பொது. தனக்கு மூன்றரை. நீங்களும் கழித்துப் பாருங்கள். மிச்சம் இரண்டரை நொடி. அது அவளுடையது மட்டும். அது எங்கே ஒளிந்திருக்கிறது?

*

செவ்வாய்க்கிழமை காலை ஊசி அம்மாவிடம் கேட்டாள். "அம்மா, விரல்ல மாட்டுவியே, இதயம் எத்தனை தடவை அடிக்குதுன்னு காட்டற கிளிப்பு, அதை ஒரு நாளைக்குக் குடேன்."

"எதுக்கு?"

"என் இதயத்தைப் பாக்கணும்."

"உனக்கு இதயம் இருக்குங்கறதே எனக்குச் சந்தேகமா இருக்கு. நேத்து கடைசி பிஸ்கட்டை நீதானே தின்ன?" என்று அம்மா சிரித்துக்கொண்டே கொடுத்தாள். "உடைச்சிடாதே. காதுமடல்லயும் மாட்டலாம், தெரியுமா?"

அதுதான் வேண்டியிருந்தது. கை ஸ்டீயரிங்கில் இருக்குமே!

மாலையில் மாடியில் ஒரு வேடிக்கை நடந்தது. ஊசி காரில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காதில் ஒற்றைக் கம்மல் மாதிரி கிளிப்பு. பக்கத்தில் ஸ்டூல்மேல் வாலு, அதில் தெரிகிற எண்ணைப் படிக்க.

"எனக்கு என்ன தருவ?" என்றாள் வாலு.

"அஞ்சு நிமிஷம் ஓட்ட விடறேன்."

"பத்து."

"சரி, படி."

முதலில் பயிற்சி. ஊசி ஆளில்லாத மலைப்பாதையில் பறந்தாள்.

"எட்டு, நாலு" என்றாள் வாலு. அவளுக்குப் பெரிய எண்களைச் சேர்த்துப் படிக்க வராது. எண்பத்து நான்கு.

பிறகு, யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளக்கூடிய ஒரு சின்னப் பந்தயம். எட்டுக் கார்கள். விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது.

"ஒண்ணு, ஒண்ணு, ஆறு!" என்று வாலு கத்தினாள். "ஒண்ணு, மூணு, ஒன்பது! அக்கா, ஒண்ணு, நாலு, ஆறு! ஐயோ, நீ வெடிச்சிடப் போற!"

ஊசிக்குப் பேச நேரமில்லை. முன்னால் போகிற காரின் பின்பக்கத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பிரேக் போட்டால் இவளும் போட்டாள். அது திணறினால் இவளும் திணறினாள். மூன்றாவது வளைவில் கார் புல்லில் இறங்கி ஏறியது. போயிற்று. எல்லாம் போயிற்று.

பந்தயம் முடிந்ததும் ஊசி ஹெட்போனைக் கழற்றினாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நூத்தி நாப்பத்தாறு" என்றாள் மெதுவாக. நாற்காலியைவிட்டு நகரவே இல்லை. ஆனால் இதயம், யாரோ துரத்துகிற மாதிரி மலையேறி ஓடியிருக்கிறது!

"அக்கா, நீ மூச்சே விடல."

"என்ன?"

"அந்த நீள ரோட்டுல. நான் உன்கூடச் சேர்ந்து மூச்சு விட்டுப் பாத்தேன். நீ விடவே இல்ல. எனக்கு மயக்கம் வந்துச்சு."

ஊசி ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தாள்.

வாலு சும்மா இருப்பாளா? "அப்புறம் உன் கட்டை விரலு ஏன் அந்தச் சிவப்புப் பட்டனையே தடவிக்கிட்டு இருந்துச்சு?"

"எந்தச் சிவப்புப் பட்டன்?"

"இது."

ஸ்டீயரிங்கின் வலது ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதன்மேல் 'மறுபடி' என்று எழுதியிருந்தது. பயிற்சியில் ஒரு சுற்றுக் கெட்டுப்போனால் அதை அழுத்தலாம். கண் சிமிட்டுவதற்குள் கார் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கும். புது டயர். சுத்தமான சாலை. நடந்தது எதுவும் நடக்கவே இல்லை.

பந்தயத்தில் அது வேலை செய்யாது.

"நான் தொடவே இல்லையே" என்றாள் ஊசி.

"தொட்ட! புல்லுல போனப்ப டக்கு டக்குன்னு நாலு தடவை அமுக்கின!"

ஊசி தன் வலது கட்டை விரலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமல், அவளைக் கேட்காமல், அவளுடைய விரல் தப்பி ஓட வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறது!

"வாலு, இப்ப நான் வழக்கம்போலப் பயிற்சி பண்றேன். அந்தப் பட்டனை எத்தனை தடவை அமுக்கறேன்னு எண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோடு போடு."

ஒரு மணி நேரம் ஓடியது. வாலு நோட்டின் ஒரு பக்கத்தைக் கோடுகளால் நிரப்பிவிட்டாள். ஓரத்தில் ஒரு பூனையும் வரைந்திருந்தாள். பூனையைக் கழித்துவிட்டு எண்ணினால் முப்பத்தொரு கோடு.

முப்பத்தொரு தடவை கிளம்பியிருக்கிறாள். முழுசாக முடித்தது இரண்டே இரண்டு சுற்று.

ஊசிக்கு எல்லாம் விளங்கியது. அந்தத் தொண்ணூற்றிரண்டு நொடி அவளுடைய வேகமல்ல. நூற்றுக்கணக்கான சுற்றுகளைக் கசக்கி எறிந்துவிட்டு, எடுத்து வைத்துக்கொண்ட ஒரே ஒரு சுற்று. தப்புச் செய்த பிறகு எப்படி ஓட்டுவது என்று அவள் கற்றுக்கொண்டதே இல்லை. ஏனென்றால், தப்புச் செய்த பிறகு அவள் ஓட்டியதே இல்லை!

*

மறுநாள் ஊசி அம்மாவின் பெட்டியிலிருந்து, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, சிவப்புப் பொத்தான்மேல் ஒட்டினாள்.

"பட்டனுக்கு என்ன அடிபட்டுச்சு?" என்றாள் மாடி அக்கா.

"அதுக்கு ஓய்வு வேணுமாம்."

பெட்ரோலை முழுக்க ரொப்பினாள். எட்டுச் சுற்றும் நிறுத்தாமல் ஓட்டுவது என்று முடிவு செய்தாள். என்ன ஆனாலும் சரி.

என்ன ஆயிற்று தெரியுமா? எல்லாம் ஆயிற்று. புல்லில் இறங்கினாள். மணலில் சிக்கினாள். ஒரு தடவை கார் பம்பரமாகச் சுற்றித் திரும்பி, வந்த வழியே பார்த்துக்கொண்டு நின்றது. கட்டை விரல் ஓடிப் போய்ப் பிளாஸ்திரியைத் தடவியது. ஊசிக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அழுதுகொண்டே ஓட்டியபோதுதான் ஒன்றைக் கவனித்தாள். புல்லில் இறங்குவதால் போவது ஒரு வளைவுதான். ஆனால் "சே, போச்சே!" என்ற ஆத்திரத்தோடு ஓட்டினால், அந்த ஆத்திரம் அடுத்த மூன்று வளைவுகளையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. தப்பு அரை நொடிக்காரன். ஆத்திரம் இரண்டு நொடிக்காரன்!

"கண்டுபிடிச்சிட்டேன்! திருடன் அகப்பட்டான்!" என்று இருக்கையிலேயே குதித்தாள்.

அதற்கப்புறம் நீளச் சாலை வரும்போதெல்லாம் வாலு பக்கத்தில் நின்று "ஃபூ..." என்று ஊதிக் காட்டினாள். ஊசியும் "ஃபூ..." என்று மூச்சை விட்டாள். சின்னப் பந்தயங்களில் முன்னால் வேறு கார் இருந்தால் அதன் முதுகைப் பார்க்காமல், அதையும் தாண்டி, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே பார்த்தாள். ஆச்சரியம்! கண் எங்கே போகிறதோ, கார் அங்கே போனது. அவள் திருப்பவே இல்லாத மாதிரி.

வியாழக்கிழமை சோடா மாடிக்கு வந்தான். திரையை எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"தொண்ணூத்தி நாலா? ஊசி, உன் நேரம் தொண்ணூத்தி ரெண்டாச்சே! இப்பப் பயிற்சியிலயும் மெதுவாயிட்டியே!"

"ஆமா."

"ஆமாவா? வைத்தியம் பண்றேன்னு இருந்த கையையும் உடைச்சுக்கிட்டியா?"

"கத்தாத. இதைப் பாரு."

நோட்டை நீட்டினாள். கடைசிப் பத்துச் சுற்றுகள். பெட்ரோல் நிறைய. ஒன்றுகூட அடிக்காமல், அழிக்காமல் எழுதியிருந்தது. பத்தும் தொண்ணூற்று நான்குக்கும் தொண்ணூற்றைந்துக்கும் நடுவில். அதில் இரண்டு சுற்றில் புல்லிலும் இறங்கியிருந்தாள்.

சோடா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தான்.

"புல்லுல இறங்கியுமா தொண்ணூத்தஞ்சு?"

"ம்."

"எப்படி?"

"சும்மா. இறங்கினா ஏறி வந்துட வேண்டியதுதான்."

சோடா நோட்டை மூடினான். நேராக மாடி அக்காவின் மேஜைக்குப் போனான். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை.

*

சனிக்கிழமை பகல். அறை முழுக்கப் பிள்ளைகள். நெட்டைகூட வந்திருந்தான். வாலு ஸ்டூலின்மேல் ஏறிக்கொண்டாள்.

சோடா எட்டுச் சுற்றை முடித்து, ஆறாவது இடத்தில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். பெட்ரோல் போட இருபது நொடி. அதற்குள் ஆள் மாற வேண்டும். அவன் குதித்து இறங்க, அவள் தாவி ஏறினாள். இருக்கை சுடச்சுட இருந்தது. ஸ்டீயரிங் அவன் வியர்வையில் வழுக்கியது.

"போ ஊசி!"

போனாள். முதல் சுற்றிலேயே, மூன்றாவது வளைவில், பின்சக்கரம் வழுக்கியது. கார் புல்லில் இறங்கியது. இரண்டு பேர் விர்ரென்று தாண்டிப் போனார்கள். எட்டாவது இடம்.

அறையில் எல்லாரும் "ச்சு!" என்றார்கள். சோடா கண்ணை மூடிக்கொண்டான்.

ஊசியின் கட்டை விரல் துடித்தது. பிளாஸ்திரியில் போய் முட்டியது.

"ஃபூ..." என்றாள் வாலு.

"ஃபூ..." என்றாள் ஊசி. ஏறி வந்தாள். அடுத்த வளைவு அதன் இடத்தில் அப்படியே இருந்தது. அதற்கு இவள்மேல் ஒரு கோபமும் இல்லை.

இரண்டாவது சுற்று. மூன்றாவது. ஒரு காரைத் தாண்டினாள். ஐந்தாவது சுற்றில் மலை உச்சி வந்தது. அங்கே சாலை ஒரு கணம் வானத்தோடு முடிந்துபோகிற மாதிரி இருக்கும். தாண்டினால் பள்ளத்தாக்கு முழுக்கக் கண்ணுக்கு முன்னால் விரியும்.

எத்தனையோ தடவை அந்த இடத்தைக் கடந்திருக்கிறாள். ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முன்னால் போகிற காரின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு. இன்றைக்குத்தான் நிமிர்ந்து தூரத்தைப் பார்த்தாள்.

மலையிலிருந்து கீழே வரைக்கும் கார்கள். ஒன்றன்பின் ஒன்றாக, வளைந்து வளைந்து, மெல்லிய நூலில் கோத்த மாதிரி. வளைவு வந்ததும் முதல் காரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு இரண்டாவதில். பிறகு மூன்றாவதில். அந்தச் சிவப்பு, மலைமேல் ஏறி ஏறி அவளை நோக்கி வந்துகொண்டே இருந்தது.

ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் ஒரு கால். ஒவ்வொரு காலுக்கும் ஒரு ஆள். எங்கோ ஓர் ஊரில், ஏதோ ஓர் அறையில், தன்னைப் போல ஒரு பிள்ளை. அத்தனை பேருக்கும் இந்த நொடியில் இதயம் நூற்று நாற்பது அடிக்கிறது. அத்தனை பேரும் பயிற்சியில் இதைவிட வேகம். அத்தனை பேரும் பயந்துகொண்டே ஓட்டுகிறார்கள். புயல்கூட!

ஊசிக்குப் புல்லரித்தது. இவ்வளவு அழகான ஒன்றுக்குள்ளேயா நான் இத்தனை நாள் தலையைக் குனிந்துகொண்டு போனேன் என்று நினைத்தாள். அவள் முறை வந்தது. அவளும் பிரேக்கை மிதித்தாள். அந்த வரிசையில் அவள் விளக்கும் எரிந்தது.

ஆறாவது சுற்றில் ஒருவனைத் தாண்டினாள். இப்போது ஆறாவது இடம். முன்னால் மஞ்சள் நிறக் கார் ஒன்று. சற்றுமுன் மணலில் சிக்கி வெளியே வந்தது. இப்போது அது தேவையில்லாத இடத்தில் எல்லாம் பிரேக் போட்டது. இந்தப் பக்கம் ஆடியது. அந்தப் பக்கம் ஆடியது.

"இடிச்சுத் தள்ளிட்டுப் போ!" என்று நெட்டை கத்தினான். "லேசா முட்டினாலே புல்லுல போயிடுவான்!"

உண்மைதான். உள்பக்கமாக நுழைந்து லேசாக ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

ஆனால் ஊசிக்கு அந்த ஆட்டம் தெரியும். கார் ஏன் அப்படி ஆடுகிறது என்று தெரியும். அந்தக் காரில் இருக்கிற பிள்ளையின் கட்டை விரல் இப்போது எதைத் தேடிக்கொண்டிருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியும்.

அவள் முட்டவில்லை. ஒரு வளைவு பொறுத்தாள். நீளச் சாலை வந்ததும், பக்கத்தில் ஒரு கார் அகலத்துக்குத் தாராளமாக இடம் விட்டு, சுற்றிக்கொண்டு தாண்டினாள். திரையில் தெரிந்த பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தால், மஞ்சள் கார் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அவள் போன தடத்திலேயே ஒழுங்காகப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

அப்படியே இரண்டு பேரும் கடைசிக் கோட்டைத் தாண்டினார்கள். ஊசி ஐந்தாவது. மஞ்சள் கார் ஆறாவது.

அறை அதிர்ந்தது. வாலு ஸ்டூலிலிருந்து குதித்தாள். சோடா ஊசியின் முதுகில் அடித்த அடியில் ஹெட்போன் கழுத்துக்கு வந்துவிட்டது.

மாடி அக்கா தாளை எடுத்துவந்தாள். "ஊசி, சராசரி தொண்ணூத்தி நாலரை. இந்த வாரப் பயிற்சியில தொண்ணூத்தி நாலு."

"அப்பவும் அரை நொடி மெதுவாத்தான் ஓட்டியிருக்கியா?" என்றான் சோடா முகத்தை நீட்டிக்கொண்டு. அப்புறம் தாளை மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்தான். கீழிருந்து மேலாக இன்னொரு தடவை. "ஏய்! முப்பத்திரண்டு பேர்ல உனக்குத்தான் வித்தியாசம் ரொம்பக் கம்மி! புயலுக்குக்கூட ஒரு நொடி!"

அப்போது திரையின் மூலையில் ஒரு கட்டம் திறந்தது. யாரோ எழுதினார்கள். மஞ்சள் கார்.

'இடம் விட்டதுக்கு நன்றி. எல்லாரும் இடிச்சாங்க. நீ இடிக்கல.'

ஊசி பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு வரி வந்தது.

'இங்க இப்பத்தான் விடியுது. ஜன்னல்ல ஒரே சிவப்பு. உங்க ஊர்ல?'

ஊசி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே உச்சி வெயில் தெருவில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒரே சாலையில், ஒரே நேரத்தில், அடுத்தடுத்து ஓட்டியிருக்கிறார்கள். ஒருத்திக்கு மத்தியானம். இன்னொரு பிள்ளைக்கு இப்போதுதான் சூரியன் வருகிறது.

'இங்க மத்தியானம்' என்று தட்டினாள். கொஞ்சம் யோசித்தாள். 'உனக்கு இன்னும் கை நடுங்குதா?'

பதில் உடனே வந்தது. 'ஆமா. உனக்கு?'

ஊசி எழுதக் கையைத் தூக்கினாள். சோடா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தன் இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டிக் காட்டினான். இறங்கி இவ்வளவு நேரமாகியும், பத்து விரல்களும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

"ரெண்டு பேருக்கும்னு போடு" என்றான்.

ஊசி அப்படியே எழுதி அனுப்பினாள்.